வேக்காடும் பக்கவிளைவும்: குருத்தணு மாற்றுச் சிகிச்சையில் வாய் அழற்சியின் வரலாறும் அருப்புக்கோட்டை – திருச்சுழி வட்டார வழக்கும்

ஆய்வுச்சுருக்கம்

குருத்தணு மாற்றுச் சிகிச்சை பெறுவோரின் வாயில் தோன்றும் அழற்சி நெடுங்காலம் மருந்தின் பக்கவிளைவாக மட்டுமே எண்ணப்பட்டது. வாயில் வாழும் நுண்ணுயிர்த் தொகுதியின் மாற்றங்களோடு இணைத்து அதனை நோக்கும் பார்வை அண்மைக் காலத்தது. இந்தப் பார்வை மாற்றத்திற்கு முன்வரலாறு ஒன்று உண்டு என்பதையும், அதன் முக்கியக் கண்ணிகள் சென்னை, குன்னூர், வேலூர் ஆகிய ஊர்களோடு பிணைந்தவை என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. அருப்புக்கோட்டை – திருச்சுழி வறண்ட நிலப்பகுதியில் வழங்கும் 'வேக்காடு', 'சூடு' ஆகிய சொற்களை அவ்வரலாற்றோடு ஒப்பிட்டு, ஒப்புமை எதுவரை செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வாய் அழற்சி, குருத்தணு மாற்று, நுண்ணுயிர்த் தொகுதி, ஸ்புரூ, ஃபோலிக் அமிலம், வேக்காடு, கரிசல் வட்டாரம்

முன்னுரை

மருத்துவ வரலாற்றில் இதயத்திற்கும் மூளைக்கும் கிடைத்த இடம் வாய்க்குக் கிடைக்கவில்லை. பல் மருத்துவம் தனித்துறையாகப் பிரிந்தபின் வாய் பொது மருத்துவத்தின் எல்லைக்கு வெளியே தள்ளப்பட்டது. ஆயினும் குருத்தணு மாற்றுச் சிகிச்சை பெற்றோர் தம் துன்பங்களைச் சொல்லும்போது வாய்ப்புண்ணையே முதன்மையாகச் சொல்கின்றனர். உமிழ்நீரை விழுங்கவும் இயலாமை, பேச்சு நின்றுபோதல், நரம்பு வழியே ஊட்டம் பெறவேண்டிய நிலை ஆகியவை அவர்கள் விவரிக்கும் அனுபவங்கள். நோயாளர் முதலில் வைப்பதை மருத்துவம் ஏன் கடைசியில் வைத்தது என்ற வினாவே இக்கட்டுரையின் தொடக்கம்.

இவ்வினாவிற்கு விடை தேடுகையில் இருபதாம் நூற்றாண்டு மருத்துவத்தின் எதிர்பாராத வழித்தடம் ஒன்று புலப்படுகிறது. வாய்ப்புண்ணை முதன்மை அடையாளமாகக் கொண்ட ஒரு நோயைத் தீர்க்க முனைந்த ஆய்வே, பின்னர் வாய்ப்புண்ணை உண்டாக்கும் மருந்து ஒன்றிற்கும் வழிவகுத்தது. அம்மருந்து இன்றும் குருத்தணு மாற்றுச் சிகிச்சையில் பயன்படுகிறது.

வட்டாரமும் சொல்லும்

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் இன்று விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1910இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு உருவாக்கப்பட்ட இராமநாதபுரம் மாவட்டத்தில் இவை இருந்தன. 1985இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபோது இன்றைய அமைப்பிற்குள் வந்தன. குண்டாறு, கண்மாய், ஊருணி என மழையை நம்பிய நீர்நிலைகளும், கம்பு, சோளம், குதிரைவாலி, பருத்தி விளையும் மானாவாரி நிலமும் இவ்வட்டாரத்தின் அடையாளங்கள். கம்மங்கூழும் கேழ்வரகுக் கூழும் நீராகாரமும் இங்கு அன்றாட உணவாக இருந்தவை.

வாயில் ஏற்படும் புண்ணையும் எரிச்சலையும் குறிக்க இங்கு 'வாய் வெந்துவிட்டது', 'வாய் வேக்காடு' என்னும் வழக்குகள் உள்ளன. வெற்றிலையில் சுண்ணாம்பு கூடினாலும் வாய் வெந்துவிடும். காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கும் வாய் வெந்திருக்கும். முதலாவது புறத்தேயிருந்து பட்ட காயம், இரண்டாவது உடலின் உள்ளிருந்து வந்த கேடு. இரண்டையும் ஒரே வினைச்சொல் குறிக்கிறது. இரண்டாம் வகைக்கு மக்கள் தரும் விளக்கம் 'சூடு' என்பதாகும். உடலின் சூடு மிகும்போது அது வாயில் வெளிப்படும் என்பது நம்பிக்கை. குழந்தைகளின் வாயில் வெண்மை படர்வதைச் சித்த மருத்துவ வழக்கு 'அக்கரம்' எனத் தனித்துப் பெயரிடுகிறது.

இங்குக் கவனிக்க வேண்டியது, வாய்ப்புண் தனி நோயாக அன்றி உள்ளுடலின் நிலையை அறிவிக்கும் குறியாகவும் கொள்ளப்பட்டது என்பதே. வாயைக் குறியாக வாசித்தல் என்னும் இப்பழக்கத்தை மேலைமருத்துவமும் ஒரு காலத்தில் கொண்டிருந்தது.

வாயில் பெயர்பெற்ற நோய்

வெப்பமண்டலப் பகுதிகளில் நாள்பட்ட வயிற்றுப்போக்கு, உடல் மெலிவு, இரத்தச்சோகை ஆகியவற்றோடு நாக்கும் வாயும் புண்ணாகும் நோய் ஒன்றை ஐரோப்பிய மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். 1759இல் வில்லியம் ஹில்லரி பார்படாஸ் தீவில் கண்டு எழுதியது இவற்றுள் முற்பட்டது. 1880இல் சீனத்தில் பணியாற்றிய பேட்ரிக் மேன்சன் இந்நோய்க்கு 'ஸ்புரூ' என்னும் பெயரை ஆங்கிலத்தில் வழக்கிற்குக் கொண்டுவந்தார். சாவகத்தில் வாழ்ந்த டச்சுக்காரர்கள் வாய்ப்புண்ணிற்கு வழங்கிய சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. கேடு குடலில் இருந்தபோதும் நோய் வாயால் பெயர் பெற்றது.

இந்தியாவில் இவ்வாய்வு இரு முனைகளில் நடந்தது. 1928இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ், ஆலைத் தொழிலாளர் குடும்பப் பெண்களிடம் கருவுற்ற காலத்தில் தோன்றிய கடும் இரத்தச்சோகையை ஆராய்ந்தார். குன்னூர்ப் பாஸ்டர் நிறுவனத்திலும் சென்னைக் கோஷா மருத்துவமனையிலும் அவர் பணி தொடர்ந்தது. ஈஸ்ட்டிலிருந்து எடுத்த சாறு இச்சோகையைத் தீர்ப்பதை 1931இல் வெளியிட்டார். அச்சாற்றில் இருந்த, அப்போது பெயர் அறியப்படாத பொருளே பின்னர் ஃபோலிக் அமிலம் எனப்பட்டது. மற்றொரு முனையில், குன்னூர் உணவு ஆராய்ச்சிக்கூடத்தின் இயக்குநராக 1935இல் பொறுப்பேற்ற டபிள்யூ. ஆர். அய்க்ராய்டும் அவருடன் பணியாற்றியோரும் தென்னிந்தியக் குழந்தைகளின் வாய்மூலை வெடிப்பையும் நாக்குப் புண்ணையும் உணவிலுள்ள பி வகை உயிர்ச்சத்துக் குறைவோடு தொடர்புபடுத்தினர். அரிசியையே பெரிதும் நம்பிய உணவுமுறை இவ்வாய்வுகளில் முக்கிய இடம் பெற்றது.

இவற்றின் உட்பொருள் எளியது. வாயின் உட்சவ்வு ஓரிரு வாரங்களுக்குள் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் திசு. புதிய உயிரணுக்களை ஆக்க ஃபோலிக் அமிலம் தேவை. அது குறைந்தால் விரைந்து பெருகும் திசுக்களே முதலில் நலியும். குருதியை ஆக்கும் எலும்பு மஜ்ஜையும் குடலும் வாயும் அத்தகையவை. எனவே வெந்த வாய், மஜ்ஜையின் நிலையை அறிவிக்கும் கண்ணுக்குப் புலப்படும் குறியாயிற்று.

உயிர்ச்சத்திலிருந்து நச்சுமருந்திற்கு

இவ்வரலாற்றின் நடுவில் நிற்பவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895இல் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். அவருடைய சகோதரர் இருவர் ஸ்புரூ நோயால் அடுத்தடுத்து இறந்தனர். அவரும் அந்நோய்க்கு ஆளாகி மீண்டார். சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபின் 1923இல் பாஸ்டன் சென்றார். 1940இல் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கு அவர் வழிகாட்டிய குழு 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கியது. அது ஸ்புரூ நோயாளரின் நாக்குப் புண்ணையும் சோகையையும் தணித்தது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் அது உயிர்ச்சத்து ஒன்றின் வெற்றிக்கதை மட்டுமே. பாஸ்டனில் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயை ஆராய்ந்த சிட்னி ஃபார்பர், ஃபோலிக் அமிலம் புற்றணுக்களின் பெருக்கத்தை விரைவுபடுத்துவதாகக் கருதினார். அப்படியாயின் அதன் செயலைத் தடுக்கும் பொருள் நோயை அடக்கக்கூடும். சுப்பாராவின் குழுவினர் ஆக்கிக் கொடுத்த அமினோப்டெரின் என்னும் எதிர்ப்பொருளை 16 குழந்தைகளுக்குக் கொடுத்து, அவர்களுள் 10 பேரிடம் முன்னேற்றம் கண்டதாக 1948இல் அவர் வெளியிட்டார். அம்முன்னேற்றம் நிலைக்கவில்லை, ஆயினும் இரத்தப் புற்றுநோயை மருந்தால் பின்வாங்கச் செய்ய முடியும் என்பது நிறுவப்பட்டது. அதே குடும்பத்தைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட் விரைவில் அதன் இடத்தைப் பெற்றது.

ஃபோலிக் அமிலத்தைத் தடுக்கும் மருந்து, ஃபோலிக் அமிலக் குறைவின் அடையாளங்களையே உண்டாக்கியது. வாய் மீண்டும் வெந்தது. மருந்து உடலுக்கு அளவு மிஞ்சியதை வாய்ப்புண்ணே மருத்துவருக்கு உணர்த்தியது. ஸ்புரூ நோயில் 'குறி' எனப்பட்ட அதே புண் இங்குப் 'பக்கவிளைவு' எனப் பெயர் மாறியது. நோய்க்குறியை மருத்துவர் வாசிப்பார். பக்கவிளைவை நோயாளர் பொறுத்துக்கொள்ள வேண்டும். இப்பெயர் மாற்றம், வாயை உற்றுநோக்கும் பொறுப்பை மருத்துவத்தின் மையத்திலிருந்து அகற்றியது எனலாம்.

அதே லெடர்லி ஆய்வுக்கூடத்தில் சுப்பாராவ் ஆய்வு இயக்குநராக இருந்த காலத்தில், பெஞ்சமின் டக்கர் கண்டறிந்த ஆரியோமைசின் 1948இல் அறிவிக்கப்பட்டது. பலவகை நுண்ணுயிர்களை ஒருசேர அழிக்கும் டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்து இது. பின்னர் ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும் இணைந்தே வெப்பமண்டல ஸ்புரூவின் சிகிச்சையாயின. இம்மருந்துகள் பரவலானபோது சிலரது வாயில் வெண்பூஞ்சை படர்ந்ததையும் மருத்துவர்கள் கண்டனர். 1950இல் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் ஆகியோர் அறிவித்த நிஸ்டாட்டின் அப்பூஞ்சைக்கு மருந்தாயிற்று. வாயிலுள்ள பாக்டீரியங்கள் நோய்க்கிருமிகள் மட்டுமல்ல, பூஞ்சையைக் கட்டுக்குள் வைத்திருந்த காவலாகவும் இருந்தன என்னும் பாடம் அன்றே கண்முன் இருந்தது. அது கோட்பாடாக வளர அரை நூற்றாண்டு ஆயிற்று.

மாற்றுச் சிகிச்சையும் மறக்கப்பட்ட வாயும்

எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையின் முதல் அறிக்கைகளை இ. டொனால் தாமஸ் 1957இல் வெளியிட்டார். இப்பணிக்காக 1990இல் ஜோசஃப் மரேயுடன் நோபல் பரிசு பெற்றார். இந்தியாவில் 1983இல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் சுரேஷ் அத்வானி இச்சிகிச்சையைத் தொடங்கினார். 1986இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மாமன் சாண்டி தொடங்கினார். வேலூர்க் கல்லூரியின் இன்னொரு மரபையும் இங்கு நினைவுகூர வேண்டும். 1960களின் தொடக்கத்தில் வட ஆற்காட்டுச் சிற்றூர்களில் ஸ்புரூ கொள்ளைநோயாகப் பரவியபோது எஸ். ஜே. பேக்கரும் வி. ஐ. மாத்தனும் அதனை ஆராய்ந்தது இங்கிருந்துதான். வாயால் பெயர்பெற்ற நோயை ஊர் ஊராகச் சென்று ஆராய்ந்த நிறுவனமே கால் நூற்றாண்டிற்குப் பின் மஜ்ஜை மாற்றையும் மேற்கொண்டது.

இச்சிகிச்சையில் நோயாளரின் மஜ்ஜையைக் கடும் மருந்தால், சிலபோது கதிர்வீச்சாலும், வெறுமையாக்கியபின் குருத்தணுக்கள் செலுத்தப்படுகின்றன. கொடையாளரின் அணுக்கள் பெறுநரின் உடலைத் தாக்காதிருக்க மெத்தோட்ரெக்சேட் சிறு அளவில் சில நாள்கள் தரப்படுவதுண்டு. சைக்ளோஸ்போரினோடு அதனைச் சேர்த்துத் தருவதன் பயன் 1986இல் சியாட்டில் குழுவினரால் நிறுவப்பட்டது. இவ்வாறு சுப்பாராவ் கூடத்தின் மருந்து மஜ்ஜை மாற்று அறைக்குள் நுழைந்தது. ஏற்கெனவே நலிந்த வாயை அது மேலும் நலியச் செய்தது.

புதிய வெள்ளணுக்கள் தோன்றாத முதல் இரு வாரங்களிலேயே வாய் அழற்சி உச்சத்தை அடைகிறது. அவை மீளும்போது புண்ணும் ஆறத் தொடங்குகிறது. இடைப்பட்ட நாள்களில் புண்ணான சவ்வு, கிருமிகள் குருதிக்குள் புகும் வாயிலாகிறது. நலமுள்ளோர் வாயில் தீங்கின்றி வாழும் விரிடன்ஸ் வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அப்போது குருதியில் கலந்து உயிருக்கே கேடு விளைவிக்கக்கூடும். எனவே தொடக்கக் காலத்தில் நோயாளரை இயன்றவரை கிருமியற்றவராக்கும் முயற்சி நடந்தது. வடிகட்டிய காற்றோட்ட அறைகளும், குடலின் நுண்ணுயிர்களை அழிக்கும் மருந்துகளும், கிருமிகொல்லி வாய்க்கொப்பளிப்பும் அதன் கூறுகள்.

1979இல் உலக நலவாழ்வு நிறுவனம் வாய் அழற்சியை அளக்க ஒரு படிமுறையைத் தந்தது. அதன் சுழியப் படி நலம். முதற்படியில் எரிச்சலும் சிவப்பும். இரண்டாம் படியில் புண் இருப்பினும் திட உணவு உண்ண இயலும். மூன்றாம் படியில் நீர்ம உணவு மட்டும். நான்காம் படியில் வாய்வழி உணவே இயலாது. புண்ணின் அளவோடு, நோயாளர் எதை உண்ண முடிகிறது என்பதையும் இவ்வளவை கணக்கில் கொண்டது. நோயாளரின் சொல் மருத்துவ அளவையினுள் இடம்பெற்ற அரிய இடம் இது.

எரிந்த சவ்விலிருந்து குலைந்த குடியிருப்பிற்கு

1998இல் ஸ்டீஃபன் சோனிஸ் வாய் அழற்சியை நான்கு கட்டங்களாக விளக்கினார். 2004இல் அது ஐந்து கட்டங்களாக விரிவுற்றது. மருந்து மேற்புறச் சவ்வைச் 'சுடுகிறது' என்னும் எளிய விளக்கத்தை இது மறுத்தது. கேடு சவ்வின் அடித்திசுவில் தொடங்கி, அழற்சியைத் தூண்டும் சைகைகளால் பெருகி, பின்னரே புண்ணாகிறது. புண்ணின்மேல் குடியேறும் பாக்டீரியங்கள் அழற்சியை மேலும் வளர்க்கின்றன. நுண்ணுயிர் இங்கு இறுதிக் கட்டங்களில் வரும் துணைப்பாத்திரமாகவே இருந்தது.

வாயின் நுண்ணுயிர்களை 1683இல் ஆண்டனி வான் லீவன்ஹூக் தம் பல் அழுக்கில் கண்டு இலண்டன் அரச கழகத்திற்கு எழுதினார். ஆயினும் ஆய்வுக்கூடத்தில் வளர்க்க இயன்றவை மட்டுமே நெடுங்காலம் அறியப்பட்டன. மரபணு வரிசையைப் படித்து நுண்ணுயிர்களை இனங்காணும் முறை பரவியபின், மனித வாயில் ஏறத்தாழ 700 வகைகள் வாழ்வது தெரியவந்தது. மாற்றுச் சிகிச்சை பெறுவோரின் உமிழ்நீரையும் வாய்ச்சவ்வையும் இம்முறையால் நாள்வாரியாக ஆராய்ந்தபோது, சிகிச்சை நாள்களில் வகைப்பன்மை குறைவதும், வழக்கமாக வாழும் வகைகள் அருகுவதும், என்டெரோகாக்கஸ், ஸ்டஃபைலோகாக்கஸ் போன்றவையும் கேண்டிடா பூஞ்சையும் சிலரிடம் மேலோங்குவதும் காணப்பட்டன. இம்மாற்றங்கள் அழற்சியின் கடுமையோடு தொடர்புடையன எனப் பல ஆய்வுகள் கூறுகின்றன.

இத்தொடர்பைக் காரணமாகக் கொள்வதில் எச்சரிக்கை தேவை. எதிர்நுண்ணுயிரி மருந்து, உமிழ்நீர்க் குறைவு, உண்ணாமை, வெள்ளணுக்கள் இன்மை ஆகிய நான்கும் அதே நாள்களில் நிகழ்கின்றன. குலைவு புண்ணை வளர்க்கிறதா, புண் குலைவை வளர்க்கிறதா என்னும் வினா ஆய்வுலகில் தீர்ந்தபாடில்லை. எனினும் கிருமியை முற்றாக அழித்தலே காப்பு என்னும் பழைய நம்பிக்கை தளர்ந்து, எவற்றை அழிப்பது, எவற்றை விட்டுவைப்பது என்னும் வினா எழுந்துள்ளது. பக்கவிளைவு எனப்பட்ட வாய் மீண்டும் வாசிக்கவேண்டிய குறியாகி வருகிறது.

ஒப்பீட்டின் எல்லை

வாயை உள்ளுடலின் குறியாகக் கொண்ட வட்டார வழக்கிற்கும் இப்புதிய பார்வைக்கும் ஒற்றுமை உண்டு. ஆனால், 'நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர்' என்று இதனை முடித்துவிடுவது வரலாறாகாது. பொருந்தா இடங்களையும் காட்டுவதே ஆய்வின் கடமை.

ஓர் எடுத்துக்காட்டு பனிக்கட்டி. மெல்ஃபலான் மருந்து செலுத்தும் வேளையில் பனிக்கட்டித் துண்டுகளை வாயில் வைத்திருந்தால் அழற்சி குறைகிறது என்பது நிறுவப்பட்ட செய்தி. சூட்டைக் குளிர்ச்சி தணித்தது என்று வட்டார அறிவு இதனை விளக்கும். உண்மையில் குளிரால் குருதிக்குழாய்கள் சுருங்குவதால் வாய்த்திசுவிற்குச் செல்லும் மருந்தின் அளவு குறைகிறது. செயல் ஒன்று, காரணம் வேறு. காரணம் வேறாதலால், மருந்து செலுத்தி முடித்துப் பல நாள் கழித்து வைக்கும் பனிக்கட்டி அதே காப்பைத் தராது.

இரண்டாவது எடுத்துக்காட்டு இன்னும் முக்கியமானது. வாய் வெந்தவருக்கு நீராகாரமும் மோரும் புளித்த கூழும் தருவது இவ்வட்டார வழக்கம். நலமுள்ளவருக்கு இவை நல்லுணவே. தீட்டிய அரிசியைவிடக் கம்பிலும் கேழ்வரகிலும் ஃபோலிக் அமிலம் மிகுதி. உயிர்ச்சத்துக் குறைவால் வந்த புண்ணுக்கு மணத்தக்காளிக் கீரையும் ஏற்புடைய உணவே. ஆனால் வெள்ளணுக்கள் குன்றிய நாள்களில், புளிக்கவைத்த உணவில் வாழும் நுண்ணுயிர்களே தீங்காகலாம் என்பதால் மருத்துவமனைகள் பொதுவாக அவற்றைத் தவிர்க்கச் சொல்கின்றன. புதிதாகக் காய்ச்சிய கூழுக்கும் இரவு முழுவதும் புளித்த கூழுக்கும் உள்ள வேறுபாடு இங்கு உயிர்ப்பிரச்சினை. கொதிக்கவைக்காத ஊருணி நீரும், பல்லீறைக் கிழிக்கும் வேப்பங்குச்சியும் அப்படியே. மெத்தோட்ரெக்சேட் பெறுபவருக்கு மருத்துவரைக் கேளாமல் உயிர்ச்சத்து மாத்திரை தருவதும் மருந்தின் செயலை மாற்றக்கூடும்.

'பச்சை உணவு வேண்டாம்' என்று மட்டும் எழுதிக்கொடுக்கும் அறிவுரைத்தாள் இதனை உணர்த்தாது. வேகவைத்த சோற்றில் நீரூற்றி வைத்ததே நீராகாரம். அதைப் பச்சை உணவென எவரும் எண்ணார். நானூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள வேலூரிலிருந்து வீடு திரும்பும் குடும்பத்திற்கு, விலக்கவேண்டியதன் பெயரை அவர்கள் வீட்டில் வழங்கும் சொல்லாலேயே சொல்லவேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, குருத்தணு மாற்றில் தோன்றும் வாய் அழற்சிக்கு ஸ்புரூ ஆய்விலிருந்து தொடங்கும் முன்வரலாறு உண்டு. ஃபோலிக் அமிலம், அதன் எதிர்ப்பொருள்கள், பலவகைக் கிருமிகளை அழிக்கும் மருந்து ஆகிய மூன்றும் அதில் ஒரே ஆய்வுக்கூடத்தில் சந்திக்கின்றன. இரண்டாவது, 'குறி' என்பதிலிருந்து 'பக்கவிளைவு' என்பதற்கு நேர்ந்த பெயர் மாற்றமே வாயை மருத்துவக் கவனத்திலிருந்து விலக்கியது; நுண்ணுயிர்த் தொகுதி ஆய்வு அதனை மீட்டுவருகிறது. மூன்றாவது, வட்டாரச் சொல்லை வாசிப்பதற்கும் வட்டார மருந்தைப் பின்பற்றுவதற்கும் வேறுபாடு உண்டு. முன்னது இச்சிகிச்சைக்குத் தேவை. பின்னது இச்சிகிச்சையில் கேடாகலாம்.

இதிலிருந்து நடைமுறைக்குரிய பரிந்துரை ஒன்றும் பிறக்கிறது. 1979ஆம் ஆண்டின் அளவை உணவை அடிப்படையாகக் கொண்டது. ஆதலால் அதனைத் தமிழில் ஆக்குவது எளிது. வாய் எரிகிறதா, புண் இருந்தும் சோறு இறங்குகிறதா, கூழ்தான் இறங்குகிறதா, அதுவும் இறங்கவில்லையா என்னும் நான்கு வினாக்கள் போதும். திருச்சுழியிலிருந்து தொலைபேசியில் பேசும் தாய் ஒருவர், மருத்துவச் சொல் ஒன்றும் அறியாமலே, தம் மகனின் நிலை இரண்டாம் படியிலிருந்து மூன்றாம் படிக்கு மாறியதை மருத்துவருக்கு அன்றே தெரிவிக்க இயலும். மொழி ஆய்வாளரும் மருத்துவரும் இணைந்து இவ்வினாக்களைச் செப்பம் செய்து, வட்டாரந்தோறும் சோதித்துப் பார்ப்பது அடுத்த கட்ட ஆய்வாக அமையும்.